மறு: நிக்பாயின்ட் (knickpoint) என்ற புவியியல் சொல்லுக்குத் தமிழில் "வாட்டமுறிவு" சரிவருமா?

> "அருவிமுனை" என்றே வைத்துவிடலாமே. கேட்டதும் விளங்கும்.

விளங்கும் ஐயா, ஆனால் வேறு பொருளில். பைக்காரா ஆறு மேலே புல்வெளிகளுக்கு நடுவே சாவகாசமாக ஓடிவந்து, மலைவிளிம்பைத் தொட்டதும் மாயாற்றுப் பக்கம் தலைகுப்புற இறங்குகிறது. அப்படி ஆற்றின் சரிவு திடீரென்று மாறுகிற இடம்தான் நிக்பாயின்ட். அங்கே அருவி இருக்கலாம், பாறைகளுக்கிடையே நுரைத்தோடும் வெறும் ஓடையாகவும் இருக்கலாம். நிலம் உயர்ந்ததா, கடினப் பாறை குறுக்கிட்டதா என்று காரணம் தேடத் தொடங்குவது அந்த இடத்திலிருந்துதான்.

அதனால்தான் "வாட்டமுறிவு" என்றேன். மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனார் "தண்ணி வாட்டம்" பார்க்கிறாரே, அதே வாட்டம்; தண்ணீர் ஓடுவதற்கான சரிவு.

> வாட்டம் என்றால் சோர்வு என்றல்லவா மாணவர்கள் நினைப்பார்கள்? "சரிவுமுறிவு" போதாதா?

ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு "சரிவுமுறிவு" என்று எழுதினால், மண்சரிவு என்று நினைத்து, எந்த ரோடு அடைபட்டது என்று கேட்பார்கள்! சோர்வு என்ற பொருள் "முறிவு" சேர்ந்ததும் தானாக விலகிவிடும்.

இதற்குத் துணையாக இன்னொரு சொல்லும் வேண்டும்: "பொய்முறிவு". ஆறு செய்யாமல் வரைபடம் செய்த முறிவு. நம் நீலகிரியில் இது சோலைகளால், அதாவது புல்வெளிகளுக்கு இடையே வளரும் அடர்காடுகளால், வருகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் எடுத்த உயரத்தரவைத்தான் பலரும் இன்னும் பயன்படுத்துகிறோம்; அதில் உயரம் பதிவான ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர். அடர்ந்த சோலையில் அந்த ரேடார் அலை தரையைத் தொடாமல் மரத்தலைப்பிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். புல்வெளியிலிருந்து சோலைக்குள் நுழையும் ஓடை, கணினியில் மேடேறுகிறது! மென்பொருள் சும்மா இருக்குமா? ஓடைக்குக் குறுக்கே அணை என்று எண்ணி, பின்னால் குழியை நிரப்பிச் சமதளமாக்குகிறது. சோலை முடியும் இடத்தில் தொப்பென்று ஒரு இறக்கம். பார்ப்பவர் அதற்கும் புவியியல் காரணம் தேடுவார்.

பழைய 1:50,000 வரைபடத் தாள்களின் 20 மீட்டர் இடைவெளிச் சமவுயரக் கோடுகளிலிருந்து உயர மாதிரி செய்தால் வேறு வகைப் பொய். ஆற்றின் நெட்டுவெட்டு (நீளவாக்கில் அதன் உயரம் இறங்குவதைக் காட்டும் கோடு) படிக்கட்டு போல வரும். அடுத்தடுத்த முறிவுகள் சரியாக 20 மீட்டர் உயர இடைவெளியில் விழுந்தால் ஆற்றின்மேல் பழி போடாதீர்கள். அவலாஞ்சி, எமரால்டு அணைச்சுவர்களும் முறிவாகத் தெரியும். அவற்றைக் கண்ணால் பார்த்தே நீக்கலாம்.

> "பொய்" கொஞ்சம் கடுமை. "போலிமுறிவு"?

போலி என்றால் யாரோ வேண்டுமென்றே செய்தது போல இருக்கிறது. பொய்க்கால், பொய்முடி எல்லாம் கடுமையாகவா ஒலிக்கின்றன?

> சரி, பொய்முறிவுக்கு என் வாக்கு. வாட்டமுறிவை வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். "குழிநிரப்பல்" என்று ஒன்று இடையில் வந்ததே, அதையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா?

சேருங்கள்.