நம் இடத்து மரம்தான், ஆனாலும் கேட்டுவிட்டு வெட்டுங்கள்

பின்பக்கத்து மரத்தை வெட்டப் போய் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரம்பம் வைக்கும் முன் யாராவது ஒருவர் படித்தாலும் போதும்.

வேர் கிளம்பி நடைபாதைக் கல்லைத் தூக்கிவிட்டது. அம்மா இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தார். மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். "உங்க இடம், உங்க மரம், யார் கேட்கப் போறாங்க?" என்றார். முன்பணமும் கொடுத்தாயிற்று. வெட்ட வந்த காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து, "தம்பி, கவுன்சில்ல அனுமதி வாங்கியாச்சா?" என்றார். நல்லவேளை, வேலையை நிறுத்தினேன்.

ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் அந்தக் கவுன்சிலுக்குப் போன் செய்ததும் அவர்கள் முதலில் கேட்டது அடிமரம் எவ்வளவு பருமன் என்றுதான். அதைத் தரையோடு ஒட்டி அளக்கக் கூடாது, நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும். 1.3 மீட்டர், 1.4, 1.5 என்று அந்த உயரம் இடத்துக்கு இடம் மாறும். சில விதிகளில் சுற்றளவு இருக்கும், சிலவற்றில் விட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டேப்பைச் சுற்றிப் பிடித்து 157 செ.மீ. வந்தால் விட்டம் 50 செ.மீ.தான். என் மரம் அனுமதி கேட்க வேண்டிய வரம்பைத் தாண்டியிருந்தது. கேட்காமல் வெட்டியிருந்தால் வெட்டியவரோடு சேர்த்து வெட்டச் சொன்ன எனக்கும் அபராதம் என்றார்கள்.

கவுன்சிலிலிருந்து பார்வையிட வந்த பெண் அதிகாரி கையில் ஒரு மரச்சுத்தியல். அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். எல்லாப் பக்கமும் டக் டக் என்றது, ஒரே இடத்தில் மட்டும் தொம்மென்று. அதற்கு நேர் மேலே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. எப்போதோ யாரோ கிளையை அடிமரத்தோடு ஒட்ட அறுத்திருக்கிறார்கள். "கிளை தொடங்குற இடத்துல இந்த மாதிரி ஒரு தடிப்பு இருக்கும் பாருங்க, அதை விட்டுட்டு அறுத்திருந்தா மரமே காயத்தை மூடியிருக்கும்" என்று வேறொரு கிளையைத் தொட்டுக் காட்டினார். உளுத்தது கொஞ்சம்தான், மரம் உறுதியாக நிற்கிறது என்றும் சொன்னார்.

வெட்ட அனுமதி கிடைக்கவில்லை. அந்த வேரையாவது அறுக்கலாமா என்று கேட்டேன். அடிமரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பெரிய வேரை அறுத்தால் பலத்த காற்றுக்கு மரம் வீட்டுப் பக்கமே சாயலாம் என்றார். எனக்கு ஒரு வாரம் கோபம் தீரவில்லை. அப்புறம் கல்லைப் பெயர்த்து, பாதையை வேருக்கு வெளியே வளைத்துப் போட்டோம். அம்மா இப்போது தடுக்காமல் நடக்கிறார். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

—

மேலே எழுதியவர் கதை அது, என் கதை வேறு. பக்கத்து வீட்டுக் கிளை எங்கள் பக்கம் நீண்டு கூரையை உரசியது. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததை வெட்ட எனக்கு உரிமை உண்டென்று வெட்டிவிட்டேன். அது பாதுகாக்கப்பட்ட மரமாம். அந்தப் பாதுகாப்பு மரம் முழுவதற்கும், வேலி தாண்டி வந்த கிளைக்கும் சேர்த்துத்தான். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவோடு பழையபடி பேச ஒரு வருடம் ஆயிற்று, அதுதான் பெரிய வலி.

—

ஆபத்தான மரத்துக்கு விலக்கு உண்டு என்று நம்பி நானும் மாட்டிக்கொண்டேன். புயலில் பாதி பிளந்து நின்ற மரம். பயத்தில் முழுவதையும் வெட்டி, கட்டையையும் அப்புறப்படுத்திவிட்டேன். பிறகு ஆள் வந்து, "ஆபத்துன்னு எதை வெச்சு நம்புறது?" என்று கேட்டபோது காட்ட ஒரு படம்கூட இல்லை. எங்கள் பகுதி விதிப்படி உடனடி ஆபத்தான பகுதியை மட்டும் அகற்றலாம், மீதிக்கு அனுமதி வேண்டும். பிளவைக் கிட்டத்திலும் தூரத்திலும் படம் எடுத்துவையுங்கள், அறுத்த துண்டுகளை அவர்கள் பார்க்கும்வரை அங்கேயே போட்டுவையுங்கள். எனக்கு அதே இடத்தில் ஒரு கன்று நட்டு வளர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. இப்போது என் தோள் உயரம், ஆறு புதுத் தளிர் விட்டிருக்கிறது.