கீஷ்: தண்ணீரைப் பிழிந்த பிறகுதான் கைகூடியது

கீஷ் என்பது மைதா மாவில் செய்த ஓட்டுக்குள் காய்கறியும் முட்டைக் கலவையும் நிரப்பி ஓவனில் சுடும் பிரெஞ்சுப் பண்டம். முதல் முறை அதைச் செய்தபோது பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. மேலே பொன்னிறம், ஓரத்தில் சீஸ் லேசாகச் சிவந்திருந்தது. ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தட்டில் ஓடியது. அடிமாவு வேகாமல் களியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மேல்பகுதியை மட்டும் வழித்துத் தின்றார்கள். உண்மையிலேயே மனம் சோர்ந்துபோனேன். மைதா, வெண்ணெய், முட்டை, பால், வெங்காயம், கீரை. எல்லாம் வீட்டில் எப்போதும் இருப்பவைதாம். எங்கே பிசகியது என்று அன்று விளங்கவில்லை.

நான்கைந்து முறை செய்த பிறகு தெரிந்துகொண்டது இதுதான்: கீஷைக் கெடுப்பது தண்ணீர்.

அடுத்த முறை 250 கிராம் பசலைக்கீரையை வதக்கி, ஆறவைத்து, மெல்லிய துணியில் முடிந்து முறுக்கினேன். பச்சைச் சாறு முழங்கை வரை வழிந்தது. போதும் என்று நினைத்து இன்னொரு முறை முறுக்கினால் மறுபடியும் வந்தது. கடைசியில் கிண்ணத்தில் அரை டம்ளர் சாறு. துணியில் ஒரு கைப்பிடி உருண்டை. முதல் கீஷின் அடியில் தேங்கியது எது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். காளானும் இப்படித்தான், வாணலியில் அதன் நீர் முழுக்கச் சுண்டும்வரை வதக்காமல் சேர்க்கவே கூடாது.

மாவுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், சிட்டிகை உப்பு. விரல் நுனியால் ரொட்டித்தூள் போல உதிர்த்து, மூன்று நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் சேர்த்துப் பிடித்தால் போதும். பிசையப் பிசைய இறுகிவிடும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் சுடும்போது ஓரம் சுருங்காது. பிறகு தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, மேலே காகிதம் விரித்து, காய்ந்த கொண்டைக்கடலையைக் கொட்டி, ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம். காகிதத்தை எடுத்துவிட்டு மேலும் ஏழெட்டு நிமிடம். எதுவும் நிரப்பாமல் மாவு ஓட்டை முதலில் சுடும் இந்த வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சூடாக இருக்கும்போதே உள்ளே முட்டை வெள்ளைக்கருவைப் பூசி இரண்டு நிமிடம் திரும்ப வைத்தால், குத்திய துளைகள் அடைபட்டு, ஈரம் இறங்காமல் நிற்கும்.

முட்டைக் கலவைக்கு மூன்று முட்டை, பாலும் க்ரீமும் சரிபாதியாக 300 மில்லி. நுரை வர அடிக்க வேண்டாம். பிழிந்த கீரையை ஓட்டில் பரப்பி, மேலே கலவையை ஊற்றி, 165 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். தட்டை மெல்ல ஆட்டிப் பாருங்கள்: ஓரம் நின்றிருக்கும், நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் உறைந்த தயிர் போல அதிரும். அந்த நிலையில் எடுத்துவிட வேண்டும். நடுவும் கெட்டியாகட்டும் என்று நான் காத்திருந்த நாள்களில் முட்டை இறுகி, தன்னிடமிருந்த நீரைக் கக்கிவிட்டது. கீரையை எவ்வளவு பிழிந்தும் பயனில்லாமல் போயிற்று.

ஒருநாள் சீஸ் தீர்ந்துவிட்டது. இல்லாமலே செய்தேன், குறை தெரியவில்லை. பிரான்சின் லொரேன் பகுதியில் பழைய முறையில் செய்யும் கீஷில் சீஸே கிடையாது என்று பின்னர் அறிந்தேன். முட்டை, க்ரீம், உப்பிட்ட பன்றி இறைச்சி, அவ்வளவுதான்.

மறுமொழி:
என் வீட்டில் க்ரீம் வாங்கும் பழக்கமே இல்லை. வெறும் பாலில் மூன்று முட்டை போட்டபோது கலவை தளர்வாகவே நின்றது. இப்போது 300 மில்லி கொழுப்பு நீக்காத பாலுக்கு நான்கு முட்டை சேர்க்கிறேன். க்ரீமின் வழவழப்பு வராது. ஆனால் துண்டு சரியாமல் நிற்கிறது. வெங்காயத்தைச் சிறுதீயில் இருபது நிமிடம் வதக்கினால் அந்த இனிப்பே சுவையைத் தூக்கிவிடும். எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று: வெட்டும்போது நடுப்பகுதி குழைகிறது.

மறுமொழி:
எடுத்தவுடன் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் நடுப்பகுதி வெந்துகொண்டுதான் இருக்கும். அரை மணி நேரம் தொடாமல் ஆறவிடுங்கள். நான் தட்டின் அடியில் கைவைத்துப் பார்த்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது வெட்டுகிறேன். கத்தியில் ஒன்றும் ஒட்டுவதில்லை.