அம்மன் சடங்கும் லித்தியமும்: விரதம், நித்திரை, புதிய வேலை

கேள்வி – செட்டிபாளையம்

வணக்கம். சில ஆண்டுகளாக இருதுருவ மனநோய்க்கு (மனம் அளவுமீறி எழுவதும் சோர்ந்து விழுவதுமான நோய்) மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கிளினிக்கில் லித்தியம் என்ற மருந்தைப் பெற்று வருகிறேன். முன்பு பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளராக இருந்தேன். இரவு முறையும் பகல் முறையும் மாறி மாறி வந்து நித்திரை குழம்பும்போதெல்லாம் நோய் தலைதூக்கியதால் அந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது களுவாஞ்சிகுடியில் ஒரு கடையின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டு கணக்கியல் படிக்கிறேன்.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வருகிறது. கோயில் கதவு திறந்த நாள் முதல், அம்மனைக் குளிர்விக்கும் இறுதிச் சடங்கான குளிர்த்தி வரை விரதமிருந்து, இரவில் கண்ணகியின் கதையைப் பாடும் வழக்குரை படிப்பதைக் கேட்டு விழித்திருப்பதைத் தாய்வழியில் எங்கள் குடிக்கு வந்த கடமையாகவே நான் கருதுகிறேன். நித்திரையை இழக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்கிறார். அம்மனை நம்புகிறவனுக்கு எதற்கு மருந்து என்று மாமா கேட்கிறார். இவற்றை விட என்னை வருத்துவது வேறொன்று. நோய் உச்சத்தில் இருந்தபோது அம்மன் என்னோடு பேசுகிறாள் என்று உறுதியாக நம்பினேன். அதனால், இன்று பூசையில் மனம் உருகினாலும் அது பக்தியா, நோயின் தொடக்கமா என்று அஞ்சுகிறேன். இந்த அச்சத்தோடு எப்படி வழிபடுவது?

பதில் – காரைதீவு

தம்பி, உங்களுக்கு இருக்கும் நோயே எனக்கும் இருக்கிறது. ஆசிரியப் பணியை விட்டு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்புச் செய்கிறேன். எங்கள் ஊரிலும் கண்ணகை அம்மன் கோயில் இருப்பதால், குளிர்த்தி இரவு ஒருவரை எப்படி இழுக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மனம் உருகுவதை நோயின் அடையாளமாக நான் கொள்வதில்லை. அதைச் சுற்றி வேறு என்ன நடக்கிறது என்றுதான் பார்க்கிறேன். குறைவாகத் தூங்கியும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல், தெய்வம் என்னை மட்டுமே தேர்ந்தெடுத்தது என்ற எண்ணமும் சேர்ந்து, யார் தடுத்தாலும் கோபம் வருகிறது என்றால் அன்றே வைத்தியரிடம் போய்விடுவேன். வழிபாடு முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டு, வழக்கமான நேரத்தில் உறங்க முடிகிறது என்றால் அந்தக் கண்ணீரைச் சந்தேகிக்க மாட்டேன். ஆனாலும், நோய் ஏறும்போது அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் நாமல்ல என்பதால், வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் இந்த அடையாளங்களை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வேலையை விட்டதற்காக மனம் குன்ற வேண்டாம். நித்திரைக்கு இடம் தரும் தொழிலைத் தேடிக்கொண்டது நல்ல முடிவு.

பதில் – காத்தான்குடி

சகோதரருக்கு ஸலாம். ரமழானில் இதே கேள்வி எனக்கும் எழுந்தது. நோயாளி நோன்பை வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமே சலுகை தருகிறது. தீராத நோயென்றால் ஏழைகளுக்கு உணவளிப்பது வழி என்று மௌலவி விளக்கினார். அந்தச் சலுகையை ஏற்பதையும் நான் வணக்கமாகவே கருதுகிறேன். உங்கள் கோயிலிலும் பூசை செய்யும் கட்டாடியாரிடமோ பெரியவர்களிடமோ வெளிப்படையாகக் கேளுங்கள். விழித்திருப்பதற்குப் பதிலாகப் பகலில் செய்யக்கூடிய தொண்டு ஒன்றை அவர்கள் நிச்சயம் காட்டுவார்கள்.

பதில் – மனநலத் தாதி, கல்முனை

விரதத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லித்தியம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. தண்ணீரும் உப்பும் குறைந்தால், அதிலும் வைகாசி வெயிலில் வியர்த்து வடியும்போது, இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, வயிற்றோட்டம், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தலையிடிக்கு ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளையும் கேட்காமல் விழுங்கக் கூடாது, அவையும் அளவை ஏற்றும். மரக்கறிச் சாப்பாடு மட்டும் உண்ணும் விரதத்தில் பொதுவாகத் தடையில்லை. தண்ணீர் அருந்தாத விரதம் வேண்டவே வேண்டாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும் என்பதை மாமாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரும் வர விரும்பினால் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சடங்குக்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கடைசி மாத்திரைக்கு ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குப் பின்னரே இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால், அன்று காலை மாத்திரையைப் பரிசோதனை முடிந்த பிறகு எடுங்கள். இடையில் மனம் தடுமாறினால், கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம்.