பொதுவெளிக் கேமராக்களின் 'அடங்கல்': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பொது இடங்களைப் பார்க்கும் கண்காணிப்புக் கேமராக்கள் எங்கே உள்ளன, யாருடையவை, எந்த நிலையில் உள்ளன என்பதைத் தொகுத்து வைக்கும் மென்பொருளுக்குத் தமிழ் இடைமுகம் அமைக்கும்போது 'இன்வென்ட்டரி' என்பதை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை நான்கு விடைகள் வந்துள்ளன: கேமரா இருப்பு, கேமராப் பதிவேடு, கேமராச் சொத்துப் பட்டியல், கேமரா மேலாண்மை. நான்கையும் எண்ணிப் பார்த்தபின், ஐந்தாவதாகக் 'கேமரா அடங்கல்' என்பதை உங்கள் முன் வைக்கிறேன். மற்ற நான்கும் தவறான தமிழ் என்பதல்ல என் வாதம். இந்த மென்பொருள் செய்யும் வேலையை அவை வேறொன்றாகக் காட்டிவிடுகின்றன என்பதே.

'இருப்பு' என்பது நியாயவிலைக் கடையின் பலகையில் எழுதப்படும் சொல். கையில் மிச்சம் எவ்வளவு, இன்னும் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பதை அது சொல்கிறது. அலுவலக இருப்புப் பதிவேட்டில் ஒரு கேமரா வாங்கப்பட்ட நாளில் வரவாகும். கம்பத்தில் மாட்டுவதற்காக எடுத்துச் செல்லப்பட்ட நாளில் வழங்கலாகி, இருப்பில் ஒன்று குறையும். அதாவது தெருவைப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில்தான் அது இருப்பிலிருந்து வெளியேறுகிறது. நமக்கு வேண்டிய மென்பொருளோ அந்த நேரத்திலிருந்துதான் அதைப் பின்தொடர வேண்டும்.

'பதிவேடு' நல்ல சொல்தான்; ஆனால் இந்தத் துறையில் மட்டும் அது வழுக்குகிறது. 'சிசிடிவி பதிவுகள் கைப்பற்றப்பட்டன', 'கேமராப் பதிவை ஆய்வு செய்து வருகின்றனர்' என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. அங்கே பதிவு என்பது கேமரா எடுத்த காட்சி. ஆகவே 'கேமராப் பதிவுகளைக் காண்க' என்று ஒரு பொத்தானில் எழுதினால், காவல் நிலையத்தில் அதை அழுத்துபவர் நேற்றிரவுக் காட்சியை எதிர்பார்ப்பார். அவருக்கு முன் கம்பங்களின் பட்டியல் விரியும். ஒரே திரையில் இரண்டு பொருளிலும் 'பதிவு' வரத்தான் போகிறது. அவற்றுள் காட்சிக்குரிய பொருள் வழக்கில் வேரூன்றிவிட்டதால், விட்டுக்கொடுக்க வேண்டியது நம் சொல்லே.

'சொத்துப் பட்டியல்' குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் சொல் மட்டுமல்லாமல் உரிமையும் சிக்கியிருக்கிறது. ஒரு நிறுவனம் தன் கேமராக்களைத் தானே எண்ணிக்கொள்ளும்போது அது சொத்துப் பட்டியல்தான். ஆனால் சென்னையில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் காவல்துறை முன்னெடுத்த திட்டத்தில், வணிகர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் தங்கள் செலவில் தெருவை நோக்கிக் கேமராக்களை அமைத்தனர். அவற்றை வாங்கியவர் ஒருவர், பராமரிப்பவர் வேறொருவர், காட்சி தேவைப்படும்போது கேட்பது காவல்துறை. எவருடைய சொத்துப் பட்டியலிலும் அவை முழுமையாக அடங்குவதில்லை. இன்னொரு வகையும் உண்டு. நியூயார்க் நகரில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு 2021-ஆம் ஆண்டு நடத்திய கணக்கெடுப்பில், தெருப் படங்களைச் சந்திப்பு சந்திப்பாகப் பார்த்துத் தன்னார்வலர்கள் மன்ஹாட்டன், புரூக்ளின், பிரான்க்ஸ் ஆகிய மூன்று பகுதிகளில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட கேமராக்களைக் குறித்தார்கள். எண்ணியவர்களுக்கு அவற்றுள் ஒன்றுகூடச் சொந்தமில்லை. எவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தம் ஊர்க் கேமராக்களைக் குறித்துவரும் தன்னார்வலர்களின் நிலையும் அதுவே. உடைமையாளர் வைத்திருக்கும் தொகுப்புக்கும், பார்க்கப்படும் மக்கள் தாங்களே உருவாக்கும் தொகுப்புக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'சொத்து' என்றால் இரண்டாவது வகை வாசலிலேயே நின்றுவிடும்.

'மேலாண்மை'யை நீளமாக மறுக்கத் தேவையில்லை. கேமராக்களின் காட்சியைப் பெற்று, சேமித்து, திரையில் காட்டும் ஜோன்மைண்டர் போன்ற மென்பொருள்களைக் காணொளி மேலாண்மை மென்பொருள் என்று ஏற்கெனவே அழைக்கிறோம். அவை ஒரு வேலை, இது வேறு வேலை.

இனி அடங்கல். தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் அடங்கல் என்பது புலம் புலமாக எழுதப்படும் கிராமக் கணக்கு. புல எண், உட்பிரிவு, பரப்பு, அங்கே என்ன பயிர், நீர் எங்கிருந்து வருகிறது என்பனவெல்லாம் அதில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் நிலத்தை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது அதன் விதி. ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டுக்கு ஒன்றாக அது எழுதப்படுவதால், சென்ற ஆண்டு அங்கே என்ன இருந்தது என்பதும் அழியாமல் நிற்கும். இந்தக் கணக்கின் மூன்று இயல்புகள், அதாவது இடத்தை முதன்மையாக வைத்து எழுதுவது, நேரில் கண்டு சரிபார்ப்பது, பழைய நிலையை அழிக்காமல் புதியதைச் சேர்ப்பது ஆகியவை, நம் மென்பொருளுக்கும் அப்படியே வேண்டியவை. சந்திப்பிலிருந்து கழற்றப்பட்ட கேமராவின் விவரத்தை நீக்கிவிடாமல் 'அகற்றப்பட்டது' என்று நாளோடு குறித்தால்தான், ஈராண்டுக்கு முந்தைய ஒரு நிகழ்வின்போது அங்கே கேமரா இருந்ததா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

'அடங்கல் என்றால் நஞ்சையும் புஞ்சையும்தானே நினைவுக்கு வரும்' என்று சிலர் கேட்கக்கூடும். வரும், அதில் தவறில்லை. ஆனால் அச்சொல் நிலத்துக்கு மட்டும் உரியதன்று. முழுவதும் அடங்கியது என்பதே அதன் அடிப்படைப் பொருள். மூவர் தேவாரத் தொகுப்பை 'அடங்கன்முறை' என்று சைவ மரபு அழைப்பதும் அப்பொருளில்தான். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்குக் கிராமக் கணக்குப் பழக்கமில்லாமல் போகலாம். உள்ளடக்கம் என்ற சொல்லை அறிந்தவர்க்கு அடங்கல் புரியாமல் போகாது. இதைவிட வலுவான தடை வேறொன்று உண்டு: அடங்குதல் என்பதற்குப் பணிதல், ஓய்தல் என்ற பொருள்களும் இருப்பதால் தனியே நிற்கும் 'அடங்கல்' குழப்பலாம். அதனால் முகப்பிலும் தலைப்புகளிலும் 'கேமரா அடங்கல்' என்று இணைத்தே எழுத வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். 'கேமரா'வைப் படக்கருவி ஆக்கலாமே என்று முன்பு எழுதிய ஐயா அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். எனினும் ஏணியில் ஏறிப் பழுது பார்ப்பவரும், கடைக்காரரும், காவலரும் ஒரே குரலில் சொல்லும் சொல்லை இங்கே மாற்றினால் பயன்படுத்துவோர் நம்மை விட்டு விலகிவிடுவார்கள்.

அடங்கலில் வரும் ஒவ்வொரு கேமராவின் விவரத் தொகுதியையும் 'இனம்' என்று அழைக்கலாம். அலுவலகக் கணக்குகளில் உள்ள வழக்கு அது. இனத்துக்குள் இடக்குறிப்பு, கம்பமா சுவரா என்னும் பொருத்துமுறை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாகப் பாகையில் நோக்குத் திசை, பார்வைப் பரப்பு, பொறுப்பாளர், செயல்நிலை ஆகியவை வேண்டும். வகைக்கு நிலைக் கேமரா, சுழல் கேமரா, குவிமாடக் கேமரா என்ற மூன்றும் போதும். குவிமாடக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே அதற்கு நோக்குத் திசையைக் கட்டாயப் புலம், அதாவது நிரப்பியே தீர வேண்டிய தரவுக் கட்டம், ஆக்கக் கூடாது. காட்சி எத்தனை நாள் வைக்கப்படும் என்பதற்கு 'வைப்புக் காலம்' என்ற சொல்லைத் தருகிறேன். காவல் நிலையக் கேமராக்கள் பற்றி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, காட்சிகளை 18 மாதங்கள், அதற்கு வசதி கிடைக்காத நிலையில் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொன்னதோடு, கேமராக்களின் இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் நிலைய அதிகாரியைப் பொறுப்பாக்கியது. பொறுப்பாளர், பழுது அறிவித்த நாள் என்ற புலங்கள் இல்லாத அடங்கலால் அத்தகைய கடமை நிறைவேறியதா என்று காட்ட முடியாது.

உடைமையாளர் வைக்கும் அடங்கலில் நிலைபொருள் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பும் கடவுச்சொல் மாற்றிய நாளும் கூடுதலாக இருக்க வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் காட்சிப் பதிவுக் கருவிகளையும் கைப்பற்றி, அந்த அக்டோபரில் பல பெரிய இணையத்தளங்களைப் பலருக்கும் எட்டாமல் செய்தது. தம்மிடம் எத்தகைய கருவி, எந்தப் பதிப்பில் உள்ளது என்று அறியாதவர்களால் அதைத் திருத்தவும் முடியாது. வலையமைப்பில் உள்ள கேமராக்களை, வெவ்வேறு நிறுவனக் கருவிகளுக்குப் பொதுவான ஆன்விஃப் நெறிமுறை வழியாக அழைத்து விடை பெறும் செயலுக்கு 'கண்டறிதல்' என்பதைவிட 'தேடியறிதல்' நன்று. கண்டறிதல் என்பது கேமரா ஆளைக் கண்டறிவதற்கும் வழங்குகிறது.

'பொது' என்ற அடையையும் முடிவு செய்ய வேண்டியுள்ளது. 'பொதுக் கேமரா' என்றால் அரசுக்குச் சொந்தமானது என்றும் கொள்ளலாம், பொது இடத்தில் நிற்பது என்றும் கொள்ளலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதை நேர்த்தியாகத் தீர்த்திருக்கிறது: கேமரா எதைப் பார்க்கிறது என்பதே அங்கே அளவுகோல். தெருவைப் பார்த்தால் அது பொது, தனியார் வளாகத்தின் திறந்தவெளியைப் பார்த்தால் வேறு வகை, உட்புறத்தைப் பார்த்தால் இன்னொரு வகை. நாமும் 'பொதுவெளிக் கேமரா' என்று சொல்லி, விளக்கக் குறிப்பில் 'உடைமை எவருடையதாயினும், பொதுமக்கள் நடமாடும் வெளியைத் தன் பார்வைப் பரப்பில் கொண்டது' என்று வரையறுக்கலாம். நகைக்கடை வாசலில் இருந்து சாலையைப் பார்க்கும் கேமரா அப்போது அடங்கலுக்குள் வந்துவிடும்; பேருந்து நிலையக் கணக்கு அறையின் கேமரா வராது.

வாகன எண்பலகையைப் படிக்கும் கேமராவுக்குத்தான் எனக்கு இன்னும் மனநிறைவான சொல் அமையவில்லை. 'எண்பலகைக் கேமரா' சுருக்கமானது. ஆனால் படம் எடுப்பதோடு நில்லாமல் எழுத்தைப் படித்துத் தரவுத்தளத்தில் சேர்க்கிறது என்பதை அது மறைக்கிறது. 'எண்வாசிப்புக் கேமரா' அதைச் சொல்கிறது. எந்த எண் என்பதைச் சொல்லவில்லை. மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். 'அடங்கல்' கூடாது என்று கருதுவோரும், இருப்பு, பதிவேடு ஆகியவற்றில் நான் காட்டிய இடர்ப்பாடுகளுக்கு என்ன தீர்வு என்பதையும் சேர்த்து எழுதினால் உரையாடல் முன்னே நகரும்.