கடவுள் நம்பிக்கை இல்லை, ஆனால் பாட்டுக் கேட்டால் கண் கலங்குகிறது

கேள்வி: நம்பிக்கை போய்ப் பல வருடம் ஆகிறது. நேற்று பாத்திரம் கழுவும்போது நாகூர் ஹனிபா குரல் உச்சத்துக்குப் போனதும் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன், தொண்டை அடைத்துவிட்டது. நம்பாதவனுக்கு இது எப்படி?

பதில் 1: ஹனிபா தி.மு.க. மேடைகளிலும் பாடியவர்தானே. அந்தக் குரலுக்கு உருகிய பகுத்தறிவாளர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர்.

பதில் 2: ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனை கேளுங்கள். நாகஸ்வரம் மட்டும், சாமி பெயரும் இல்லை, சொல்லே இல்லை. அந்தக் காந்தார ஸ்வரத்தை அசைத்து அசைத்து அவர் நிறுத்தும்போது எனக்கு முதுகெல்லாம் சிலிர்க்கும், அதற்கு நம்பிக்கை எதற்கு?

பதில் 3: இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி மதப்பற்று இல்லாதவர். 1874-இல் அவர் தந்த இரங்கல் திருப்பலி இசையில் பெருமுரசு அதிரும் இடம் வந்தால் இன்றும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

கேட்டவர்: சரி, இன்றிரவு தோடி.