மாத்திரை ஆரம்பிச்சு ஒன்பது நாள்: வயிறுதான் மாறுது, மனசு மாறலையே?

பனித்துளி:
மனச்சோர்வுக்கு டாக்டர் எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்திருக்காங்க. முதல் வாரம் 5 மில்லிகிராம், இப்போ 10, ராத்திரியில போடுறேன். இன்னையோட ஒன்பது நாள். மனசு அப்படியேதான் கிடக்கு. ஆனா குமட்டல், வயித்துப்போக்கு, ஓயாத கொட்டாவி, விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறேன் போல, எந்திரிச்சா தாடை வலிக்குது. அதுக்கு தினமும் ஐபுப்ரோஃபென் போட்டுக்கறேன். மூளைக்குக் கொடுத்த மருந்து வயித்துல ஏன் வேலை காட்டுது? நரம்பணுக்கள் சேதி கடத்தப் பயன்படுத்துற செரடோனின்ங்கிற வேதிப்பொருள் மூளையில குறைஞ்சு போச்சு, அதை இது நிரப்புதுன்னு ஒருத்தர் சொல்றார், அதெல்லாம் பொய்னு இன்னொருத்தர் சொல்றார். பேசாம நிறுத்திடலாமான்னு இருக்கு.

நெடுவழி:
எனக்கும் முதல் பத்து நாள் இதே பாடுதான். ரெண்டு வாரம் கழிஞ்சதும் குமட்டல் தானா அடங்கிடுச்சு. சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்க.

இலைநுனி:
பனித்துளி, நான் மருந்தாளுநர். இதே வகை மாத்திரையான செர்ட்ராலினை நானும் ரெண்டு வருஷம் எடுத்தவள். அதனால ரெண்டு பக்கத்துலேருந்தும் சொல்றேன்.

முதல்ல ஐபுப்ரோஃபென். இன்னிக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணி அதைச் சொல்லுங்க. ரத்தத் தட்டணுக்கள், ரத்தத்தை உறைய வைக்கிறதுக்காகத் தங்களுக்குள்ள செரடோனினைச் சேமிச்சு வச்சிருக்கும். அதை உள்ளே இழுக்கிற புரதத்தைத்தான் உங்க மாத்திரை அடைக்குது. தட்டணுவுல சேமிப்பு குறையும். அதோட வலி மாத்திரையும் தினமும் சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடுது. டிராமடால் மாதிரி வலி மருந்து யாராவது கொடுத்தாலும், இந்த மாத்திரை எடுக்கிறதைச் சொல்லாம வாங்காதீங்க. செரடோனின் அளவுக்கு மீறி ஏறினா நடுக்கம், காய்ச்சல், குழப்பம்னு ஆபத்தாப் போகலாம்.

வயிறு ஏன்னு கேட்டீங்க. உடம்புல இருக்கிற செரடோனின்ல ஏறக்குறைய 90 சதவீதம் குடல்லதான் இருக்கு. குடல் அசையறதுக்கே அது வேணும். மாத்திரைக்கு மூளை எது, குடல் எதுன்னு தெரியாது. அந்தப் புரதம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் போய் அடைக்கும்.

மனசு ஏன் தாமதம்ங்கிறது இன்னும் நுணுக்கமானது. முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்துலேயே அந்தப் புரதம் அடைபட்டு, நரம்பணுக்களுக்கு நடுவுல செரடோனின் கூட ஆரம்பிச்சிடும். ஆனா அதை அனுப்புற நரம்பணுவுக்குத் தன் மேலேயே ஒரு உணரி உண்டு. ‘வெளியே நிறைய இருக்கு’ன்னு அது சொன்னதும் நரம்பணு அனுப்புறதைக் குறைச்சுக்கும். அந்த உணரி மழுங்க வாரக்கணக்காகும். அதோட நரம்பிணைப்புகள் புதுசா வளர்றதும் மெதுவாத்தான் நடக்கும். அதனாலதான் 4 முதல் 6 வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்றாங்க.

குறைபாட்டுக் கதை பத்தி. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் நோயாளிகளை உற்சாகமாக்கினதைப் பார்த்தாங்க. அது செரடோனின் மாதிரியான மூளை வேதிப்பொருட்கள் உடையறதைத் தடுக்குற மருந்து. அங்கேருந்து பின்னோக்கி யோசிச்சு வந்ததுதான் குறைபாடுங்கிற கருத்து. 2022-ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, மனச்சோர்வுக்குச் செரடோனின் குறைவுதான் காரணம்னு காட்ட உறுதியான சான்று இல்லைன்னு சொல்லிச்சு. ஆனா நோய்க்கான காரணம் வேற, மருந்தோட பலன் வேற. மருந்து வீண்னு அதுலேருந்து முடிவு கட்டிடாதீங்க.

எனக்கு அஞ்சாவது வாரம் தெரிஞ்சது. ராத்திரி புத்தகம் படிச்சிட்டிருந்தேன். பல மாசமா ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு மூடி வச்சிடுவேன். அன்னைக்குப் பக்கத்தைத் திருப்பி, அடுத்ததையும் திருப்பின பிறகுதான், ‘அட, படிச்சிட்டிருக்கேனே’ன்னு உறைச்சது.

‘நிறுத்திடலாமா’ன்னு கேட்டதுதான் எனக்குப் பயமா இருக்கு. பதினாலாவது மாசம் நல்லாத்தானே இருக்கோம்னு ஒரே நாள்ல விட்டேன். மூணாம் நாள் கண்ணைப் பக்கவாட்டுல திருப்பினாலே தலைக்குள்ள மின்சாரம் வெட்டுச்சு, சுவரைப் பிடிச்சுட்டு நடந்தேன். மறுபடி ஆரம்பிச்சு, கடைசியா விடும்போது நாலு மாசம் எடுத்துக்கிட்டேன். வழக்கமா கொடுக்கிற சின்ன அளவே அந்தப் புரதத்துல ஏறக்குறைய 80 சதவீதத்தை அடைச்சிடும். அதனால மேல் அளவுலேருந்து இறங்கறது சுலபம், கடைசி சில மில்லிகிராம்தான் கஷ்டம். இதே வகையில ஃப்ளூவாக்சடைன் உடம்பை விட்டு மெதுவாப் போறதால விடுறது கொஞ்சம் சுலபம், பராக்சடைன் சீக்கிரம் போறதால கஷ்டம்.

இன்னொண்ணு. உங்களுக்கு 25 வயசுக்குள்ளன்னா, ஆரம்ப வாரங்கள்ல உட்கார முடியாத பதற்றமோ, செத்துப்போகலாம்ங்கிற நினைப்போ வந்தா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. வயசு எதுவானாலும் இதை மறைக்காதீங்க.

தூரத்துவெளிச்சம்:
கேட்கவே கூச்சமா இருக்கு. ஆறு மாசமா எடுக்கிறேன், மனசு தேவலை. ஆனா தாம்பத்திய ஆசையே இல்லாமப் போச்சு. டாக்டர்கிட்ட சொல்லலாமா?

இலைநுனி:
கட்டாயம் சொல்லுங்க. இந்த வகை மாத்திரையில நிறையப் பேருக்கு வர்றதுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லாததால உறவு கெட்டுப் போறதைப் பார்த்திருக்கேன். அளவைக் குறைக்கலாம், இல்லேன்னா நார்அட்ரினலின், டோபமைன்னு வேற ரெண்டு மூளை வேதிப்பொருட்கள் பக்கம் வேலை செய்யற புப்ரோபியானுக்கு மாத்தலாம். இதுல எதுவும் நீங்களா செய்யக் கூடாது.

பனித்துளி:
டாக்டர்கிட்ட பேசிட்டேன். ஐபுப்ரோஃபெனை நிறுத்திட்டு பாராசிட்டமால் போடச் சொன்னாங்க. தூக்கம் கெடுறதால மாத்திரையைக் காலைக்கு மாத்தியாச்சு. நான் கேட்காத வரைக்கும் அந்த வலி மாத்திரை பத்தி யாருமே சொல்லலை, இலைநுனி. இன்னைக்குப் பன்னிரண்டாவது நாள், குமட்டல் காலையில மட்டும் இருக்கு. ஒரு புத்தகத்தை எடுத்துத் தலைமாட்டுல வச்சிருக்கேன்.