அம்மாவால் குட்டி வீடியோவை நிறுத்த முடியவில்லை: குறை அவரிடமா, செயலியிலா?

மலைக்கோட்டைக்காரி (கேள்வி)

அம்மாவுக்கு 64 வயது. திருச்சி உறையூரில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் காலைப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்து, மடித்து வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார். இப்போது மத்தியானம் சாப்பிட்டதும் போனில் குட்டி வீடியோ பார்க்க உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருப்பதில்லை. என்னம்மா பார்த்தீங்க என்று கேட்டால் கோலம், வத்தக்குழம்பு, ஏதோ ஒரு நாய்க்குட்டி என்கிறார். மீதி நினைவில்லை.

போன வாரம் அவரே சொன்னார்: "நிறுத்தணும்னுதான் நெனைக்கிறேன், கை தானா தள்ளுதுடி." தம்பி அவருக்குக் கட்டுப்பாடே இல்லை என்று திட்டுகிறான். வேலைக்காலம் முழுக்கக் கணக்கில் ஒரு பைசா பிசகாமல் பார்த்தவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையில் என்ன நடக்கிறது? அவர் மனம் நோகாமல் என்ன செய்யலாம்?

புதூர் வாசகன்

போன் அமைப்புகளில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும். அதில் அந்தச் செயலிக்கு நேர வரம்பு வைத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

திரை வரைபவன்

நேர வரம்பு உதவும், ஆனால் அம்மாவைக் கேட்காமல் வைத்தால் அவருக்கு அது பூட்டாகத்தான் தெரியும். கேட்டுவிட்டு வையுங்கள்.

நான் சென்னையில் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவன். "கை தானா தள்ளுது" என்பதைவிடச் சரியாக இதை நான் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் அம்மா படித்த பேப்பருக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. சீரியலுக்குத் 'தொடரும்' இருந்தது. அடுத்து என்ன செய்யலாம் என்று மனம் யோசிக்கிற இடம் அது. குட்டி வீடியோவில் அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

அது தானாக நடந்ததல்ல. கீழே போகப்போக முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின். அடுத்த பக்கம் வேண்டும் என்று பொத்தானைத் தேடி அழுத்த வேண்டியதில்லையே என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. பின்னால் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். 2012 வாக்கில் நெட்ஃபிளிக்ஸில் அடுத்த பகுதி தானே ஓடத் தொடங்கியது. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடையானதும், ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூட்யூப் ஷார்ட்ஸும் இங்கே வந்துவிட்டன.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அடுத்து வருவது நல்ல கோலமா, சலிப்பான விளம்பரமா என்று தள்ளும்வரை தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் புறா சளைக்காமல் கொத்திக்கொண்டே இருப்பதை உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார். சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து அந்த ஆய்வுகளை 1957இல் புத்தகமாகவும் வெளியிட்டார். நாய்க்குட்டி ஞாபகம் இருக்கிறது, மற்றது இல்லை என்கிறாரே, கிடைத்த பரிசு அந்த நாய்க்குட்டிதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கதை ஒன்று உண்டு. 2018இல் இன்ஸ்டாகிராமில், புதிய பதிவுகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்று ஓர் அறிவிப்பு வரத் தொடங்கியது. நல்ல மனது வைத்துச் செய்த வேலை. 2020 ஆகஸ்டில் அந்த அறிவிப்புக்குக் கீழேயே, நாம் பின்தொடராதவர்களின் பதிவுகளைப் பரிந்துரையாக அடுக்க ஆரம்பித்தார்கள். நிறுத்தம் எப்படி வைப்பது என்று அவர்களுக்குத் தெரியும். வைத்தார்கள், அதன் மேலேயே பாதை போட்டார்கள்.

சின்னத் தடங்கல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு வாட்ஸாப் சாட்சி. வதந்தியால் கொலைகள் நடந்த பிறகு 2018 ஜூலையில், ஒரு தகவலை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்குத்தான் அனுப்பலாம் என்று இந்தியாவில் வரம்பு வைத்தார்கள். பலமுறை கைமாறி வந்த தகவல் என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டும்தான் என்று 2020 ஏப்ரலில் ஆக்கியதும், அப்படிப்பட்ட தகவல்கள் பரவுவது 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. அதே மக்கள்தான். கூடுதலாகச் சில தடவை விரலால் தொட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

2023 நவம்பரில் மத்திய அரசு ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டது. முடிவில்லாமல் உருளும் திரை அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எந்தச் செயலி என்று நீங்கள் சொல்லவில்லை. யூட்யூப் என்றால், பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துவிட்டு, அதைச் சேமிப்பதையும் நிறுத்திவிடுங்கள். முகப்பு காலியாகிவிடும். வேண்டியதை அவரே தேடிப் பார்க்கலாம், சந்தா செய்த சேனல்களும் அப்படியே இருக்கும். என்ன பார்க்க வந்தோம் என்ற கேள்வி மறுபடி அவர் கைக்கு வரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

திரை வரையும் தம்பி சொல்வது சரிதான், ஆனால் ஒன்று விட்டுப்போகிறது. நானும் தனியாக இருப்பவள். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை வீட்டில் ஒரு குரல் கேட்காது. திரையைக் காலி செய்துவிட்டால் அந்த மூன்று மணி நேரம் என்ன ஆகும்? அதற்கும் வழி சொல்லிவிட்டு முகப்பைக் காலி செய்யுங்கள்.

திரை வரைபவன்

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. ஆனால் தனிமையில் இருப்பவரிடம்தான் இந்த வடிவமைப்பு அதிகம் பிடுங்குகிறது. அதனால்தான் எனக்குக் கோபம்.

மலைக்கோட்டைக்காரி

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். 'தொடரும்' பகுதி வந்ததும் "ஆமா, அதான்" என்றார். யூட்யூப்தான் பார்க்கிறாராம், வரலாற்றை நிறுத்தச் சம்மதித்துவிட்டார். தெருவில் இன்னும் இரண்டு பேருக்குக் கோலம் சொல்லிக்கொடுக்கலாமா என்று அவராகவே கேட்டார். நாலு மணிக்கு நான் அலுவலகத்திலிருந்து போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரே கவலை: அவர் சேர்த்து வைத்திருக்கும் கோல வீடியோப் பட்டியல் அழிந்துவிடுமா?

திரை வரைபவன்

அழியாது. பிளேலிஸ்ட் தனி, வரலாறு தனி. தைரியமாகச் செய்யுங்கள்.